பக்கத்து எண் சொல்லும் சாட்சி

2024 அக்டோபரில் ஒரு பகா எண் உலகச் செய்தியானது. 2-ஐ 13,62,79,841 முறை எழுதிப் பெருக்கி, வரும் விடையில் ஒன்றைக் கழித்தால் அந்த எண் கிடைக்கும். அதில் 4,10,24,320 இலக்கங்கள். என்விடியா நிறுவனத்தில் முன்பு பணியாற்றிய லூக் டுராண்ட் என்பவர் அதைக் கண்டுபிடித்தார். செய்தி எழுதியவர்கள் பலரும் அந்த நீளத்திலேயே நின்றுவிட்டார்கள். பக்கத்துக்கு 2,000 இலக்கம் என்று அச்சிட்டாலும் இருபதாயிரம் பக்கங்களைத் தாண்டும் என்பது உண்மைதான். ஆனால் நீளமான எண் வேண்டுமென்றால் அதன் வாலில் ஒரு சுழியைச் சேர்த்தால் போதும், இன்னும் நீளமான எண் கைக்கு வந்துவிடும். வியப்புக்குரியது வேறொன்று. இத்தனை பெரிய எண்ணைப் பார்த்து, "இதை 1-ஐயும் இதையும் தவிர வேறெந்த எண்ணும் மீதியின்றி வகுக்காது" என்று ஒருவரால் அடித்துச் சொல்ல முடிகிறதே, அதற்கு என்ன ஆதாரம்? அந்த ஆதாரம் அந்த எண்ணுக்குள் இல்லை, அதற்கு அடுத்த எண்ணில் இருக்கிறது. நாம் அறிந்த மிகப் பெரிய பகா எண்கள் எல்லாம், பக்கத்து எண்ணை நாம் முழுமையாகப் பிரித்து அறிந்திருப்பதால் மட்டுமே நம் கைக்கு வந்தவை. இக்கட்டுரையின் வாதம் இதுதான்.

பகா எண் என்று சொல்வது ஏன் கடினம் என்பதை முதலில் பார்ப்போம். 91 பகு எண் என்று காட்ட 7 × 13 என்று எழுதினால் போதும், யாரும் பெருக்கிச் சரிபார்த்துக்கொள்ளலாம். 97 பகா எண் என்று காட்டுவதற்கு அப்படிக் காட்ட ஒரு பொருளும் இல்லை. இல்லாத ஒன்றை "இல்லை" என்று மெய்ப்பிக்க வேண்டும். 97-க்கு அது எளிது: வர்க்கமூலம் பத்துக்கும் குறைவு என்பதால் 2, 3, 5, 7 ஆகிய நான்கு எண்களால் வகுத்துப் பார்த்தால் முடிந்தது. இனி 2¹²⁷ − 1 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். விரித்து எழுதினால் 170141183460469231731687303715884105727, மொத்தம் 39 இலக்கங்கள். இதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 1.3 × 10¹⁹, அதாவது இருபது இலக்க எண். நொடிக்கு நூறு கோடி வகுத்தல் செய்யும் கணினி ஒன்று 2, 3, 4 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போனால் நானூறு ஆண்டுகளுக்கு மேலாகும். ஆனால் இந்த எண் பகா எண் என்று 1876-லேயே அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் பிரான்சைச் சேர்ந்த எதுவார் லூக்கா. அவரிடம் இருந்தவை தாளும் பேனாவும் ஒரு தேற்றமும்.

லூக்காவுக்கு முந்தைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2-ன் அடுக்கிலிருந்து ஒன்று குறைந்த எண்களை மெர்சென் எண்கள் என்கிறோம். மரென் மெர்சென் பிரெஞ்சுத் துறவி. 1644-ல் வெளியான நூலில், 257 வரையிலான அடுக்குகளில் எவையெவை பகா எண் தரும் என்று அவர் ஒரு பட்டியல் தந்தார். அதில் ஐந்து பிழைகள். 67, 257 ஆகியவை பட்டியலில் தவறாக இடம்பெற்றன. 61, 89, 107 விடுபட்டன. 127 சரியாக இருந்தது. 1772-ல் ஆய்லர் 2³¹ − 1, அதாவது 2147483647, பகா எண் என்று காட்டினார். அவரும் வகுத்தே பார்த்தார், ஆனால் எல்லா எண்களாலும் அல்ல. அந்த எண்ணுக்குக் காரணி இருந்தால் அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 மட்டுமே வர முடியும் என்று முன்கூட்டியே நிறுவி, தேட வேண்டிய களத்தை வெகுவாகச் சுருக்கிக்கொண்டார். அழகான வேலை. ஆனாலும் இது சலித்துப் பார்க்கும் வழிதான். எண் இரு மடங்கு நீளமானால் கைவிட வேண்டியதுதான்.

லூக்கா கேட்ட கேள்வியே வேறு. காரணிகளைத் தேடாமல், எண்ணின் நடத்தையைப் பார்த்தே அது பகா எண் என்று கண்டுகொள்ள முடியுமா? இதற்கான விதை ஃபெர்மாவிடம் இருந்தது. 3-ஐத் திரும்பத் திரும்பப் பெருக்கி, ஒவ்வொரு முறையும் 7-ஆல் வகுத்து மீதியை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள்: 3, 2, 6, 4, 5, 1. அடுத்துப் பெருக்கினால் மறுபடியும் 3. ஆறு படிகளில் ஒரு சுழற்சி முடிகிறது, 7-க்குக் கீழுள்ள ஆறு எண்களும் ஒன்றுவிடாமல் அதில் வந்துவிடுகின்றன. N பகா எண்ணாக இருந்தால், N-ஆல் வகுபடாத எந்த எண்ணை எடுத்து N − 1 முறை பெருக்கினாலும் மீதி 1-தான் என்பது ஃபெர்மாவின் தேற்றம். இதைத் திருப்பிச் சொல்ல முடியாது. 2-ஐ 340 முறை பெருக்கி 341-ஆல் வகுத்தாலும் மீதி 1 வருகிறது. ஆனால் 341 என்பது 11 × 31. மீதி 1 வந்ததை மட்டும் வைத்து முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம். சுழற்சியின் நீளம் மிகச் சரியாக N − 1 என்று காட்டிவிட்டால் ஏமாற்றத்துக்கு இடமே இல்லை என்று லூக்கா கண்டார். காரணம் எளியது. N பகு எண்ணாக இருந்தால் அதற்குக் கீழுள்ள எண்களில் சிலவற்றுக்கு N-உடன் பொதுக் காரணி இருக்கும். அவை 1-க்குத் திரும்பும் சுழற்சிக்குள் நுழையவே முடியாது. ஆகவே சுழற்சி ஒருபோதும் முழு நீளத்தை எட்டாது.

பக்கத்து எண் இங்கேதான் களத்துக்கு வருகிறது. 39 இலக்க எண்ணுக்குச் சுழற்சி முழுவதையும் நடந்து பார்க்க முடியாது. நடக்கவும் வேண்டாம். N − 1-ஆம் அடுக்கில் மீதி 1 வந்தால், சுழற்சியின் நீளம் N − 1-ஐ வகுக்கும் எண்ணாகத்தான் இருக்க வேண்டும். N − 1-ன் பகாக் காரணிகள் தெரிந்திருந்தால், அவை ஒவ்வொன்றாலும் N − 1-ஐ வகுத்துக் கிடைக்கும் குறுகிய அடுக்குகளில் மட்டும் மீதி 1 வருகிறதா என்று பார்த்தால் போதும். ஏழுக்கு அடுத்திருக்கும் 6 என்பது 2 × 3. 3-ன் மூன்றாம் அடுக்கை 7-ஆல் வகுத்தால் மீதி 6, இரண்டாம் அடுக்கில் மீதி 2. இரண்டிலும் 1 வரவில்லை, ஆறாம் அடுக்கில் வருகிறது. ஆகவே நீளம் ஆறேதான், 7 பகா எண்ணேதான். பக்கத்து எண்ணைப் பிரிக்கத் தெரிந்தவருக்கு இந்த எண் பிரியாது என்று சொல்லத் தெரிந்துவிடுகிறது. இதில் எனக்குத் தீராத வியப்பு உண்டு. ஏழும் ஆறும் பெருக்கலில் ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை, பொதுக் காரணி எதுவும் கிடையாது. ஆனாலும் ஒன்றின் பிளவு மற்றொன்றின் பிளவின்மைக்குச் சாட்சி சொல்கிறது.

மெர்சென் எண்களுக்கு இன்னொரு பக்கத்து எண் கைகொடுக்கிறது. 2¹²⁷ − 1-க்கு மேலே இருப்பது 2¹²⁷. அதன் காரணிகளைத் தேடவே வேண்டாம், 2-ஐத் தவிர அதில் ஒன்றுமே இல்லை. சாதாரண முழு எண்களுக்குப் பதிலாக 2 + √3 போன்ற எண்களை வைத்துச் சுழற்றினால் N + 1 நீளமுள்ள சுழற்சி கிடைக்கும். N-க்குச் சிறு காரணி ஏதேனும் இருந்தால் அவ்வளவு நீளச் சுழற்சிக்கு இடமிருக்காது. லூக்காவின் நிரூபணங்களில் சில இடைவெளிகள் இருந்தன. அமெரிக்காவின் டெரிக் ஹென்றி லேமர் 1930-ல் அவற்றை அடைத்து, பள்ளி மாணவரும் செய்துபார்க்கக்கூடிய வடிவத்துக்குச் சோதனையைக் கொண்டுவந்தார். 4-ல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள், சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கில் இரண்டு குறைந்த எண்ணிக்கையில் இதைச் செய்த பிறகு மீதி 0 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். 2⁵ − 1 = 31-க்கு 4, 14, 8, 0. 2⁷ − 1 = 127-க்கு 4, 14, 67, 42, 111, 0. இரண்டும் பகா எண்கள். 2¹¹ − 1 = 2047-க்கு ஒன்பது படிகள் ஏறிய பின்னும் 1736 என்ற மீதிதான் நிற்கிறது, ஏனென்றால் 2047 என்பது 23 × 89. 2¹²⁷ − 1-க்கு இப்படி 125 படிகள். நானூறு ஆண்டு வேலை 125 வர்க்கங்களாகச் சுருங்கிவிட்டது.

125 என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம், ஆனால் ஒவ்வொரு படியிலும் 39 இலக்க எண்ணை அதனாலேயே பெருக்க வேண்டும். லூக்கா இதற்கு 127 கட்டத்துக்கு 127 கட்டம் கொண்ட சதுரங்கப் பலகை ஒன்றையும், அதில் காய்களை நகர்த்திக் கணக்குப் போடும் முறையையும் விவரித்தார். இரும முறையில் எழுதினால் 2¹²⁷ − 1 என்பது வரிசையாக 127 ஒன்றுகள். அதனால் வகுத்து மீதி காண வகுத்தலே தேவையில்லை. பெருக்கி வந்த நீண்ட எண்ணை 127-ஆவது இடத்தில் வெட்டி, மேல் துண்டைக் கீழ்த் துண்டோடு கூட்டினால் போதும். 1914-ல் ஃபோகம்பெர்க் என்ற பிரெஞ்சுக்காரர் அந்த முடிவைத் தனியே உறுதிசெய்தார். 1951 வரை, அதாவது 75 ஆண்டுகள், அறியப்பட்ட பகா எண்களில் அதுவே மிகப் பெரியது. அந்தச் சாதனையை முறியடித்த விதத்தைக் கவனியுங்கள். 1951-ல் கேம்பிரிட்ஜில் மில்லரும் வீலரும் எட்சாக் கணினியைக் கொண்டு 79 இலக்கப் பகா எண் ஒன்றைக் கண்டார்கள். அது 2¹²⁷ − 1-ன் வர்க்கத்தை 180-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டியது. அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் பக்கத்து எண்ணின் காரணிகள் அவர்களுக்கு முன்பே தெரியும், அவற்றில் பெரியது லூக்காவின் பகா எண்ணேதான். 1952 ஜனவரி 30 அன்று லாஸ் ஏஞ்சல்சில் ஸ்வாக் என்ற கணினியில், ராஃபேல் ராபின்சன் எழுதிய நிரல் 2⁵²¹ − 1, 2⁶⁰⁷ − 1 இரண்டையும் ஒரே நாளில் கண்டெடுத்தது. அதுவும் லூக்காவின் சோதனைதான்.

இந்தச் சோதனைக்கு மறுபக்கமும் உண்டு. மெர்சென் பட்டியலில் தவறாக இருந்த 2⁶⁷ − 1 பகா எண் அல்ல என்று லூக்கா காட்டினார். ஆனால் எந்த எண் அதை வகுக்கிறது என்று அவருக்குத் தெரியாது. இறுதி மீதி 0 ஆகவில்லை, அவ்வளவுதான். 1903-ல் ஃபிராங்க் நெல்சன் கோல் என்பவர்தான் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் 193707721 × 761838257287 என்ற பெருக்கலை முன்வைத்தார். உடைந்திருக்கிறது என்று அறிவதற்கும் எங்கே உடைந்திருக்கிறது என்று அறிவதற்கும் இடையே ஒரு தலைமுறைக் காலம் இருந்தது. நாம் இன்று இணையத்தில் பணம் அனுப்பும்போது காவல் நிற்பவற்றுள் ஒன்றான ஆர்எஸ்ஏ முறை, 1977-ல் உருவானது, இந்த இடைவெளியின் மீதுதான் நிற்கிறது. முந்நூறு இலக்கப் பகா எண்கள் இரண்டைக் கண்டுபிடிப்பது எளிது, அவற்றைப் பெருக்கி வந்த எண்ணைப் பிரிப்பது இன்றைய கணினிகளுக்கு எட்டாதது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். பக்கத்து எண் எளிதாகப் பிரியும் எண்களை மட்டும் பொறுக்கியெடுத்துச் சோதித்துவிட்டு, பகா எண்களின் இயல்பே அது என்பது சரியா? பெரும்பாலான பகா எண்களுக்கு அப்படி வசதியான அண்டை இல்லையே. மறுப்பு நியாயமானது, அதுவே என் வாதத்துக்கு வலுவும் சேர்க்கிறது. 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும், எந்த எண்ணை எடுத்தாலும், அண்டை எண் எப்படிப்பட்டதாக இருந்தாலும், அது பகா எண்ணா என்று ஐயத்துக்கிடமின்றி முடிவுசெய்ய ஒரு வழி தந்தார்கள். இலக்கங்கள் கூடும்போது வேலை கட்டுமீறிப் பெருகாது என்பதையும் நிறுவினார்கள். இந்தியாவில் நடந்த கணித வேலைகளுள் உலகமே எழுந்து நின்று பார்த்தவற்றில் அது ஒன்று. ஆனால் கோட்பாட்டில் எட்டக்கூடியது நடைமுறையில் மெதுவாகத்தான் வருகிறது. சிறப்பு வடிவம் எதையும் நம்பாத முறைகளில் நடைமுறையில் வேகமானது நீள்வட்ட வளைகோடுகளைப் பயன்படுத்துவது. அதைக் கொண்டு இதுவரை நிறுவப்பட்ட பகா எண்கள் லட்சம் இலக்கங்களை ஒட்டியே நிற்கின்றன. இந்தப் பக்கம் லட்சம், அந்தப் பக்கம் நான்கு கோடி. இந்த நானூறு மடங்கு வித்தியாசம் முழுவதும் பக்கத்து எண்ணை அறிந்ததால் வந்தது.

இன்னொரு மறுப்பு இயந்திரத்தைப் பற்றியது. நான்கு கோடி இலக்க எண்ணைப் பதின்மூன்று கோடி முறைக்கு மேல் வர்க்கப்படுத்திய கணக்கை எந்த மனிதரும் படித்துச் சரிபார்க்கப் போவதில்லை. சிப் ஒன்றில் ஒரு பிட் பிசகினால் என்ன ஆகும்? இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. இரட்டைப் பகா எண்களை ஆராய்ந்துகொண்டிருந்த தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர்தான் 1994-ல் பென்டியம் சிப் வகுத்தலில் தவறு செய்வதைக் கண்டுபிடித்தார். அதனால்தான் ஒரு கணக்கை வைத்து இங்கே யாரும் முடிவு சொல்வதில்லை. டுராண்டின் எண் முதலில் டப்ளினில் இருந்த ஒரு கணினியில் ஃபெர்மா சோதனையில் தேறியது. மறுநாள், அக்டோபர் 12 அன்று, டெக்சஸின் சான் அன்டோனியோவில் இருந்த வேறொரு கணினி லூக்கா–லேமர் சோதனையில் மீதி 0 என்று காட்டியது. பின்னர் வேறு வேறு நிரல்களிலும் வேறு வேறு கருவிகளிலும் திரும்பத் திரும்பச் சோதித்த பிறகே அக்டோபர் 21 அன்று அறிவித்தார்கள். நான்கு கோடி இலக்கங்கள் இருக்கும் இடத்தில் பிழையால் தற்செயலாக அத்தனையும் சுழியாகிவிடும் வாய்ப்பு மிக மிக அரிது. எங்கேனும் ஒரு சிறு பிசகு நேர்ந்திருந்தால் முடிவில் ஏதோ ஒரு பொருளற்ற மீதிதான் நின்றிருக்கும். கைக்கணக்கில் போடப்பட்ட எத்தனையோ பழைய நிரூபணங்களுக்கு இந்த அளவு சோதனை வாய்க்கவில்லை.

பயன் என்ன என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். நான்கு கோடி இலக்கப் பகா எண்ணுக்கு நேரடிப் பயன் எதுவும் இன்று இல்லை. மறைக்குறியாக்கத்துக்கு வேண்டியவை சில நூறு இலக்கங்கள் கொண்ட, யாருக்கும் தெரியாத பகா எண்கள். ஊரறிந்த எண் அந்த வேலைக்கு உதவாது. ஆனால் இதே குடும்பத்தின் சிறிய எண்கள் ஓயாமல் உழைக்கின்றன. 2³¹ − 1 பல காலமாகக் கணினிகளில் போலித் தற்செயல் எண்களை உண்டாக்கப் பயன்பட்டு வருகிறது. 2⁵²¹ − 1 அமெரிக்காவின் அதிகாரபூர்வ மறைக்குறியாக்கத் தரங்களில் ஒன்றுக்கு அடித்தளம். 2¹²⁷ − 1-ன் மேல் 2015-ல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் கோஸ்டெல்லோவும் லொங்காவும் ஃபோர்க்யூ என்ற அதிவேக முறையைக் கட்டினார்கள். வேகத்துக்கு ஒரு முக்கியக் காரணம் லூக்காவின் பலகையில் பார்த்ததேதான்: வகுக்க வேண்டியதில்லை, வெட்டிக் கூட்டினால் போதும். பகா எண்ணாக இருப்பதும், 2-ன் அடுக்குக்குப் பக்கத்தில் இருப்பதும் ஒரே எண்ணில் அமைந்துவிட்டது அதன் பெரும் வரம்.

இத்தனைக்குப் பிறகும் பக்கத்து எண் எல்லா இடத்திலும் போதாது என்பதைச் சொல்லியாக வேண்டும், அதற்கும் 2¹²⁷ − 1-ஐயே எடுத்துக்கொள்ளலாம். 2-ஐ அடுக்காக வைத்து ஒன்றைக் கழித்தால் 3. 3-ஐ அடுக்காக வைத்தால் 7. 7-ஐ வைத்தால் 127. 127-ஐ வைத்தால் நாம் பேசிவரும் எண். ஐந்தும் பகா எண்கள். லூக்காவின் அறிவிப்புக்குப் பின் எழேன் கத்தலான் இந்தச் சங்கிலியைச் சுட்டிக்காட்டினார். அடுத்த கண்ணி, 2-ஐ 2¹²⁷ − 1 முறை பெருக்கி ஒன்றைக் கழித்த எண், பகா எண்ணா? அதன் பக்கத்து எண்ணும் 2-ன் அடுக்குதான், ஒளிவுமறைவில்லாமல் கண்முன் நிற்கிறது. லூக்கா–லேமர் சோதனையும் அப்படியே பொருந்தும். ஆனால் அந்த எண்ணில் எத்தனை இலக்கங்கள் என்று எழுதவே 38 இலக்கங்கள் வேண்டும். அதை எழுதி வைக்கத் தாளும் இல்லை, நினைவகமும் இல்லை. அதற்குக் காரணி ஏதும் இருந்தால் அது 2¹²⁷ − 1-ன் இரட்டைப்படை மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க வேண்டும் என்பது தெரியும். அந்த வடிவில் இருக்கும் எண்களை ஒவ்வொன்றாக எடுத்து வகுத்துப் பார்ப்பது மட்டுமே இன்று சாத்தியம். அப்படி ஒரு காரணி என்றேனும் அகப்பட்டால் அது பகு எண் என்று தெரிந்துவிடும். அது உண்மையிலேயே பகா எண்ணாக இருந்தால், எத்தனை காலம் வகுத்தாலும் அந்த வழியில் அது தெரியவராது. 2-ஐ மட்டுமே காரணியாகக் கொண்ட பக்கத்து எண்ணிலிருந்து, வர்க்கங்களை ஒவ்வொன்றாகக் கணக்கிடாமலே, சாட்சியத்தைப் பெற வேறொரு தேற்றம் தேவை. அப்படி ஒன்றை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.